மஞ்சள் சட்டையும் டர்பன் மருந்துக்கடையும்: கிறிஸ் ஃப்ரூம் மீதான ஐயம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜூலை 18, நெல்சன் மண்டேலாவின் பிறந்தநாள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் 14ஆம் கட்டத்தில் (ஒரு கட்டம் என்பது ஒரு நாள் ஓட்டம்) அன்று தென்னாப்பிரிக்க அணியான எம்டிஎன்-குபேகாவின் ஸ்டீவ் கம்மிங்ஸ் முதலாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டினார். மண்டேலா நினைவாக அந்த அணியினர் ஆரஞ்சு நிறத் தலைக்கவசம் அணிந்து ஓட்டினார்கள். டூரில் பங்கேற்ற, ஆப்பிரிக்காவில் பதிவான முதல் தொழில்முறை அணி, முதல் ஆண்டிலேயே, அதுவும் அந்த நாளில் ஒரு கட்டத்தை வென்றது என்பதால் நம் தென்னாப்பிரிக்கச் செய்திகளில் வேறு எதற்கும் இடமில்லாமல் போயிற்று. ஆனால் அதே கட்டத்தில், மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையுடன் வந்துகொண்டிருந்த கிறிஸ் ஃப்ரூமின் மீது சாலையோரத்தில் நின்ற ஒருவர் ஒரு கோப்பைச் சிறுநீரை வீசி, ஊக்கமருந்து எடுத்தவன் என்று பிரெஞ்சில் கத்தினார். ஃப்ரூம் கென்யாவில் பிறந்து, ப்ளூம்ஃபோன்டெய்னிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பள்ளிப்படிப்பை முடித்து, பார்லோவேர்ல்ட் என்ற நம் நாட்டு நிறுவனத்தின் சட்டையில்தான் 2008இல் தம் முதல் டூரை ஓட்டினார். அந்த வகையில் அவரும் பாதி நம் ஊர்க்காரர்தான்.

அந்தக் கோப்பை வீசப்பட்டதற்குக் காரணம் நான்கு நாள் முன்னதாக நடந்த ஓர் ஏற்றம். அந்த ஏற்றத்தில் தொடங்கி 2018 ஜூலையில் ஃப்ரூம் ஒரு மருந்துச் சோதனை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது வரையான கதையை, டர்பனில் நடந்த ஒரு சிறிய வழக்கோடு சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஞாயிறு விடியலில் வண்டி எடுக்கும் நம் பிள்ளைகளில் பலர் இப்போது வாட் கணக்கு, அதாவது கால்கள் தரும் ஆற்றலின் அளவு, பார்த்தே மிதிக்கிறார்கள். பெரிய வீரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘அண்ணா, ஆள் பொய் சொல்லலாம், எண் பொய் சொல்லாது’ என்கிறார்கள். எண் பொய் சொல்வதில்லை என்பது உண்மையே. ஆனால் எந்தக் கேள்விக்கு அது பதில் சொல்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டால், ஒருவரைக் குற்றவாளியாக்கவும் குற்றமற்றவராக்கவும் அதே எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்றமும் எண்களும்

2015 ஜூலை 14 அன்று, பிரெனே மலைத்தொடரின் லா பியேர் சான் மார்த்தான் உச்சியில் 10ஆம் கட்டம் முடிந்தது. கடைசி ஏற்றம் 15.3 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7.4 விழுக்காடு. ஃப்ரூம் முதலிடம் பிடித்தார். இரண்டாவதாக வந்த ரிச்சி போர்ட்டும் அவருடைய ஸ்கை அணிக்காரரே, அவர் 59 விநாடி பின்தங்கினார். மலையேற்றத்தில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரான நைரோ கின்டானா ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தார். ஐந்து நாள் கழித்து, பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றில் பியேர் சல்லே என்ற உடலியல் ஆய்வாளர், அந்த ஏற்றத்தில் ஃப்ரூமின் ஆற்றல் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 7.04 வாட் என்று கணித்துச் சொன்னார். அந்த எண் அன்று இரவே எல்லா மொழிகளுக்கும் பரவியது. ஊக்கமருந்துக் காலம் என்று அறியப்படும் 1990களின் வீரர்களோடு ஒப்பிடப்படும் அளவு அது என்பதால், மேலும் விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்கை அணியின் செயல்திறன் பொறுப்பாளர் டிம் கெரிசன் வேறு எண்களை வெளியிட்டார். ஏறத்தாழ 41½ நிமிட ஏற்றத்தில் ஃப்ரூமின் வண்டியில் ஆற்றலை அளக்கும் மீட்டர் சராசரி 414 வாட் காட்டியது. அவருடைய எடை 67.5 கிலோ, சராசரி இதயத்துடிப்பு 158, மிதிவேகம் நிமிடத்துக்கு 97 சுற்று. ஃப்ரூம் வட்டமாக இல்லாத, முட்டை வடிவப் பல்சக்கரம் பயன்படுத்துவதால் மீட்டர் சுமார் 6 விழுக்காடு கூடுதலாகக் காட்டும், அதைக் கழித்தால் கிலோவுக்கு 5.78 வாட்தான் என்றார் கெரிசன்.

ஒரே மனிதர், ஒரே மலை, ஒரே நாள். ஒரு கணக்கில் 7.04, மற்றொன்றில் 5.78. இந்த இடைவெளியைக் கண்டு ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது எளிது. அதற்கு முன் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பள்ளி இயற்பியல் போதும். 15.3 கிலோமீட்டரில் 7.4 விழுக்காடு என்றால் ஏறிய உயரம் சுமார் 1,130 மீட்டர். வீரர், வண்டி, உடை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 76 கிலோ என்று கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கி வைக்க மட்டும் ஏறத்தாழ 340 வாட் வேண்டும். இந்தப் பகுதியில் விவாதத்துக்கு இடமே இல்லை. உயரமும் எடையும் நேரமும் தெரிந்தால் யார் கணக்குப் போட்டாலும் இதே விடைதான். எஞ்சியது காற்றின் தடை, டயர் உராய்வு, சங்கிலியில் வீணாகும் ஆற்றல். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில், காற்றே வீசாத நாளில், இவை மூன்றும் சேர்ந்து 60, 70 வாட் வரலாம். மொத்தம் 400 சொச்சம். கிலோவுக்கு ஏறத்தாழ 6 வாட்.

7.04 என்ற எண் வரவேண்டுமானால் அதே 67.5 கிலோ மனிதர் 475 வாட் செலவிட்டிருக்க வேண்டும். அந்தக் கூடுதல் 70 வாட்டை எதிர்காற்றில்தான் தேட வேண்டும். அல்லது எடையைக் கணக்கில் வேறாகக் கொண்டிருக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வரும் அமஷோவா போட்டியை ஓட்டியவர்களுக்கு இது புரியும்: இன்சாங்கா ஏற்றத்தில் உள்நாட்டு வெப்பக்காற்று முதுகைத் தள்ளும் நாளுக்கும், கடற்காற்று முகத்தில் அடிக்கும் நாளுக்கும் கடிகாரம் காட்டும் வேறுபாடு கால்களின் வேறுபாடு அன்று. காற்றை அளக்காமல் நேரத்தை மட்டும் பார்த்து ஆற்றலைக் கணிப்பவர், தம் ஊகத்தையே ஒரு தசம எண்ணாக எழுதிக் காட்டுகிறார். சல்லேயின் எண் என் கணக்கில் நிற்கவில்லை. ஆனால் கெரிசனின் 6 விழுக்காட்டுக் கழிவையும் வெளியார் யாரும் அந்த மீட்டரில் வைத்துச் சோதிக்கவில்லை. அணி தன் எண்ணைத் தானே திருத்தி வெளியிட்டது. அதை ஏற்பதும் மறுப்பதும் நம்பிக்கையைப் பொறுத்தது என்ற நிலையிலேயே விவகாரம் நின்றது.

ஒரு சோதனை, ஒரு பழைய தாள்

ஃப்ரூம் தரப்பு அடுத்து எடுத்த வழி நேர்மையானது என்பதே என் கருத்து. 2015 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் ஒரு மருந்து நிறுவனத்தின் மனிதச் செயல்திறன் ஆய்வகத்தில் அவரைச் சோதித்தார்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர் யெரூன் ஸ்வார்ட் அதில் முக்கியப் பங்கு வகித்தார். அன்று ஃப்ரூமின் எடை 69.9 கிலோ. நெடுநேரம் தாங்கக்கூடிய ஆற்றல் 419 வாட், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 6. உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 84.6 மில்லிலிட்டர். இவை உலகத் தரத்தின் உச்சியில் உள்ள எண்கள். ஆனால் மனித உடலால் இயலாதவை அல்ல.

இவற்றைவிட முக்கியமானது கூடவே வெளிவந்த ஒரு பழைய ஃபேக்ஸ் தாள். 2007இல், யாருக்கும் தெரியாத இளைஞராக இருந்த ஃப்ரூமை சுவிட்சர்லாந்தில் சோதித்தபோது கிடைத்த எண்கள் அதில் இருந்தன: எடை 75.6 கிலோ, தாங்கும் ஆற்றல் 420 வாட், ஆக்சிஜன் உச்சம் 80.2. எட்டு ஆண்டுக்குப் பிறகும் ஆற்றல் ஏறக்குறைய அதேதான், குறைந்தது எடை. 420 வாட்டை 75.6ஆல் வகுத்தால் 5.56, போட்டிக்கால எடையான 67ஆல் வகுத்தால் 6.27. டூரில் முதல் நாற்பது பேருக்குள் நிற்பதற்கும் முதலாவதாக வருவதற்கும் இடையிலான தூரம் இதற்குள் அடங்கிவிடும்.

ஐயப்படுவோர் இங்கே கேட்கும் கேள்வி நியாயமானது: இவ்வளவு ஆற்றல் இருந்தவர் 2011 ஆகஸ்ட் வரை ஏன் எவர் கண்ணிலும் படவில்லை? 2010இல் இத்தாலியைச் சுற்றி நடக்கும் ஜீரோ டி இத்தாலியா போட்டியில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏறியதற்காக நீக்கப்பட்ட ஒருவர், அடுத்த ஆண்டு ஸ்பெயினின் வுவெல்டா எஸ்பான்யாவில் இரண்டாவதாக வந்தார். (முதலாவதாக வந்த ஹுவான் ஹோசே கோபோ உயிரியல் கடவுச்சீட்டு (வீரரின் இரத்த அளவுகளின் தொடர்பதிவு) முறைகேட்டில் சிக்கி 2019இல் பட்டத்தை இழக்க, அது ஃப்ரூமுக்கே போய்ச் சேர்ந்தது.) ஃப்ரூம் தந்த விளக்கம், 2010இல் கண்டறியப்பட்ட பில்ஹார்சியா நோய். ஐரோப்பியப் பத்திரிகைகளில் பலர் இதைக் கட்டுக்கதைபோல் ஏளனம் செய்தார்கள். குவாசுலு-நடாலில் ஆற்றங்கரையோரம் வளர்ந்த எவருக்கும் அந்த ஏளனம் புரியாது. நத்தைகள் உள்ள தண்ணீரில் குளித்தால் புழு தோல் வழியே ஏறும் என்று தாத்தா பாட்டி காலத்திலிருந்தே இங்கே பிள்ளைகளை எச்சரித்து வருகிறார்கள். சிறுநீரில் இரத்தம் போவதும், இரத்தம் குறைந்து சோர்ந்து கிடப்பதும் கிராமத்துக் கிளினிக்குகளில் அன்றாடம் பார்ப்பவை. நோய் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோய் குணமானது 2011இன் அந்தத் திடீர் முன்னேற்றத்தை முழுமையாக விளக்குகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு விடை சொல்லும் அளவுக்கு மருத்துவப் பதிவுகள் வெளிவரவில்லை.

அணியின் சூழலும் உதவவில்லை. சக வீரர் பிராட்லி விக்கின்ஸ் 2012 டூருக்கு முன் மருத்துவ அனுமதியுடன் போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு ஊசி விதியை மீறவில்லை, அறநெறிக் கோட்டைத் தாண்டியது என்று 2018 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு எழுதியது; விக்கின்ஸ் அதை மறுத்தார். அணியின் முன்னாள் மருத்துவர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 2011இல் தடைசெய்யப்பட்ட ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பசை வரவழைத்தது ஒரு வீரருக்காகவே என்று மருத்துவத் தீர்ப்பாயம் 2021இல் கண்டது. எந்த வீரர் என்பது நிறுவப்படவில்லை. இவற்றில் எதுவும் ஃப்ரூமைச் சுட்டவில்லை. ஆனால் ‘எங்களை நம்புங்கள்’ என்று சொல்லும் உரிமையை அந்த அணி இழந்தது இவற்றால்தான்.

நீலநிறப் பம்பு

2017 செப்டம்பர் 7 அன்று வுவெல்டாவின் 18ஆம் கட்டத்துக்குப் பிறகு எடுத்த சிறுநீரில், ஒரு மில்லிலிட்டருக்கு 2,000 நானோகிராம் சால்பியூட்டமால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 1,000. செய்தி டிசம்பர் 13 வரை வெளியே வரவில்லை. வந்ததும் பத்திரிகைகள் வழியாகத்தான்.

சால்பியூட்டமால் என்பது ஆஸ்துமா பம்பில் இருக்கும் மருந்து. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே வளர்ந்த டர்பனின் மெரிபேங்க் குடும்பங்களில் அந்த நீலநிறப் பம்பு பள்ளிப் பையில் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு இழுப்புக்கு 100 மைக்ரோகிராம். வீரர் ஒருவர் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதாவது 16 இழுப்பு வரை எடுக்கலாம். அன்றைய விதிப்படி எந்த 12 மணி நேரத்திலும் 800ஐத் தாண்டக்கூடாது. மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுப்பதற்கு அனுமதி இல்லை. அப்படிப் பேரளவில் எடுத்தால் தசை கூடும் என்ற அச்சமே காரணம். சிறுநீரில் உள்ள அளவை வைத்து எத்தனை இழுப்பு என்று திரும்பிக் கணக்கிடுவதுதான் சிக்கல். ஒரே மனிதரிடமே நாளுக்கு நாள், நீரிழப்பைப் பொறுத்தும் சோதனைக்கு எவ்வளவு நேரம் முன்பு எடுத்தார் என்பதைப் பொறுத்தும் அந்த எண் வெகுவாக மாறும்.

2018 ஜூலை 2 அன்று பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் வழக்கை முடித்துக்கொண்டது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை தந்த விளக்கத்தின் சாரம் இது: சிறுநீரின் அடர்த்திக்கு ஏற்பத் திருத்தினால் 2,000 என்பது 1,429 ஆகிறது, அளவீட்டுப் பிழைக்கு இடம் விட்டு முடிவெடுக்கும் எல்லை 1,200, நோயுற்றிருந்ததால் வீரர் குறுகிய காலத்தில் மருந்தளவைக் கூட்டியிருந்தார், அவர் உடல் மருந்தை வெளியேற்றும் அளவு மாறிமாறி வருகிறது, போட்டியின் நிலைமையை ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கிச் சோதிப்பது நடைமுறையில் இயலாது, ஆகவே முடிவு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு முரணானது அல்ல.

தனித்தனியே பார்த்தால் இந்தக் காரணங்கள் எல்லாம் அறிவியலுக்குப் பொருந்துபவையே. என்னை உறுத்துவது வேறு. 2014இல் 1,900 நானோகிராம் காட்டிய இத்தாலிய வீரர் தியெகோ உலிசிக்கு ஒன்பது மாதத் தடை விதித்தார்கள். அன்று அடர்த்தித் திருத்த விதி இல்லை, அவ்விதி 2018 மார்ச்சில்தான் நடப்புக்கு வந்தது. அதே திருத்தம் இருந்திருந்தால் அவருடைய எண்ணும் குறைந்திருக்கலாம். ஒருவருக்குத் தடை, ஒருவருக்கு விடுதலை என்பதில் அநீதி இருக்கிறதா இல்லையா என்பதை அறிய, ஃப்ரூம் தரப்பு முன்வைத்த ஆய்வுகளும் அதை வல்லுநர்கள் எடைபோட்ட விதமும் முழுமையாகத் தெரிய வேண்டும். விரிவான தீர்ப்பாக அது பொதுமக்கள் கைக்கு வரவில்லை. ஆறு ஆண்டு முன்னதாக லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களைப் பறித்த அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை, 26 பேரின் சாட்சியத்துடன் ஆயிரம் பக்கத்துக்கு மேல் சான்றுகளை வெளியிட்டது. ஒருவரைத் தண்டிக்க அவ்வளவு வெளிப்படை இருக்கலாம் என்றால், ஒருவரை விடுவிக்கவும் இருக்கலாம். விடுவிக்கப்பட்டவருக்குத்தான் அது அதிகம் தேவை. 2018 மே மாதம், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, ஃப்ரூம் ஜீரோ போட்டியில் 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டி வென்றார். அந்த வெற்றியை இன்றும் பலர் புன்சிரிப்போடு குறிப்பிடுவதற்கு அவருடைய கால்கள் காரணம் அல்ல.

டர்பனில் நடந்தது

தென்னாப்பிரிக்கரான டேரில் இம்பி 2013 டூரில் இரண்டு நாள் மஞ்சள் சட்டை அணிந்தவர். அந்தச் சட்டையை அணிந்த முதல் தென்னாப்பிரிக்கர் அவர். 2014 பிப்ரவரியில் டர்பனில் நடந்த தேசியப் போட்டியின்போது எடுத்த மாதிரியில் புரோபெனசிட் இருந்தது. இது கீல்வாதத்துக்குத் தரப்படும் பழைய மருந்து. சில பொருள்கள் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுப்பதால், ஊக்கமருந்தை மறைக்கவும் பயன்படும் என்று தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு டூர் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் தீர்ப்பாயம் அவரை விடுவித்தது. போட்டிக்கு முன் டர்பனில் ஒரு மருந்துக்கடையில் இம்பி வெற்று ஜெலட்டின் கேப்ஸ்யூல்கள் வாங்கியிருந்தார். ஆப்பசோடாவை அவற்றில் நிரப்பி விழுங்குவது சைக்கிள்காரர்கள் பலரும் செய்வது, தடைசெய்யப்பட்டதும் அன்று. அதே கடையில் சில மணி நேரத்துக்கு முன் வேறொருவருக்கு புரோபெனசிட் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிய கருவி ஒன்றே. கடையின் விற்பனைப் பதிவும் மருந்தாளரின் சாட்சியமும் இதை உறுதிசெய்தன. பன்னாட்டு ஒன்றியமோ உலக முகமையோ மேல்முறையீடு செய்யவில்லை.

கேட்பதற்கு, அகப்பட்டவர்கள் எல்லாம் சொல்லும் கதைபோலத்தான் இருக்கும். சாட்ஸ்வர்த்தில் கெமிஸ்ட் வைத்திருக்கும் ஓர் உறவினரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை; மாத்திரை எண்ணும் தட்டை எடுத்து என் முன் வைத்தார். காலையிலிருந்து பூச்சு இல்லாத மாத்திரைகளை எண்ணிய தட்டு. சரிவுப் பக்கத்து மூலையில், வெளிச்சத்துக்குச் சாய்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு, வெள்ளைப் பொடி படிந்திருந்தது. துடைத்தால் போய்விடும், கூட்டமான நாளில் துடைக்க மறப்பது சாதாரணம் என்றார். ஆய்வகங்கள் இன்று கண்டறியும் அளவோ அந்தப் பொடியின் ஒரு துகளைவிடக் குறைவு.

இரண்டு வழக்குகளிலும் வீரர் விடுவிக்கப்பட்டார். இம்பியின் வழக்கில் எந்தக் கடை, எந்த நேரம், எந்தப் பொருள், யார் சாட்சி என்ற சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பார்க்க முடிந்தது. நம்ப விரும்பாதவர் எந்தக் கண்ணி அறுந்தது என்று சொல்லவேண்டும். அதன் பிறகு அவர் 2019 டூரில் ஒரு கட்டத்தை வென்றபோது டர்பன் மருந்துக்கடையை யாரும் கேலியாக இழுக்கவில்லை. ஃப்ரூமின் வழக்கில் முடிவு மட்டும் கையில் இருக்கிறது; அதற்கான பாதை மூடப்பட்டிருக்கிறது. நான்கு முறை டூர் வென்றவர், பெரிய வழக்கறிஞர்கள், பணம் உள்ள அணி என்ற விவரங்களைக் கொண்டு பொதுமக்கள் அந்த இடைவெளியைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

இப்போது அதே ஐயம் ஸ்லோவேனிய வீரர் ததேய் போகாச்சார் மீது திரும்பியிருக்கிறது. 2024 ஜூலை 14 அன்று பிளாத்தோ த பெய் ஏற்றத்தில், ஊக்கமருந்துக் கால வீரரான மார்கோ பன்தானியின் 1998ஆம் ஆண்டு நேரத்தை அவர் மூன்று நிமிடத்துக்கு மேல் முறியடித்தார். வண்டி, டயர், உடை, உணவு எல்லாம் இந்தக் கால்நூற்றாண்டில் மாறியிருக்கின்றன என்பது மெய். அவை சேர்ந்து எத்தனை நிமிடம் தரும் என்பதில்தான் சண்டை. அந்த ஆண்டே, உயர்மலைப் பயிற்சியின் விளைவை அளக்க அவருடைய அணி உட்பட சில அணிகள் கார்பன் மோனாக்சைடு மூச்சுச் சோதனையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. திரும்பத் திரும்ப அதை மூச்சில் இழுப்பதை ஒன்றியம் 2025 பிப்ரவரியில் தடைசெய்தது. மீண்டும் சாலையோரக் கணக்குகள், மீண்டும் கிலோவுக்கு எத்தனை வாட்.

லண்டனில் ஃப்ரூமைச் சோதித்த யெரூன் ஸ்வார்ட் இன்று போகாச்சாரின் யூஏஈ அணியில் மருத்துவ, செயல்திறன் பொறுப்பில் இருக்கிறார். அவர் திறமையில் குறை காணவில்லை. ஆனால் 2015இல் அவர் சொன்ன சொல்லுக்கு எடை தந்தது, அவர் ஸ்கை அணியின் சம்பளக்காரர் அல்ல என்பதே. ஆகவே போகாச்சாரைப் பற்றி அவர் வெளியிடும் எந்த எண்ணும் கெரிசனின் 5.78 இருந்த தட்டில்தான் வைக்கப்படும். அணிக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வகம், மீட்டரைத் தானே சரிபார்த்து, போகாச்சாரின் பதினெட்டு, பத்தொன்பது வயதுச் சோதனைத் தாள்களையும் சேர்த்து வெளியிட்டால் மட்டுமே விவாதம் ஏற்றத்தின் நேரத்தை விட்டு அவருடைய உடலின் வரலாற்றுக்கு நகரும். இந்த வரிகளை எழுதும்வரை அப்படியொரு கோரிக்கையை எந்த நிர்வாக அமைப்பும் எந்த அணியின் முன்பும் வைத்ததாகச் செய்தி இல்லை.